பீப்பாய்க்கு ஒரு போர்வை: டொனோ கவரின் கதை

பிரெஞ்சு மொழியில் 'டொனோ' என்றால் பீப்பாய். ஒயின் ஊற்றி வைக்கிற மரப் பீப்பாய். எடை அளக்கிற 'டன்' என்ற சொல்லும் இந்தப் பீப்பாய்க் குடும்பத்தில் பிறந்ததுதான். ஒரு கப்பலில் எத்தனை ஒயின் பீப்பாய் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டதில் வந்தது. கப்பலை விட்டு இறங்கிய அந்தச் சொல் காரில் ஏறி உட்கார்ந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது.

1900 வாக்கில் ஓடிய கார்கள் நீளம் குறைந்தவை. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் இன்னும் இரண்டு பேரை ஏற்ற வேண்டுமென்றால் பின் சக்கரத்துக்கு மேலேதான் இடம். சக்கரம் வழியை மறிப்பதால் பக்கவாட்டில் கதவு வைக்க முடியாது. அதனால் வண்டியின் முதுகில் கதவு வைத்தார்கள். வட்டமாக வளைந்த அடைப்பு, மூலைக்கு ஒரு இருக்கை, நடுவில் கதவு. பார்த்தால் பாதியாக அறுத்த பீப்பாய் மாதிரியே இருக்கும். 'டொனோ' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இதில் ஒரு சங்கடம், வண்டியை நடைபாதை ஓரமாகவே நிறுத்தினாலும் ஏறுகிறவர் தெருச் சேற்றில் இறங்கிச் சுற்றிவந்து பின்னாலிருந்துதான் ஏற வேண்டும். சில வருடங்களில் கார்கள் நீண்டன, கதவு பக்கவாட்டுக்கு வந்தது, பீப்பாய் வடிவம் போய்விட்டது. பின் இருக்கைப் பகுதிக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1903ல் வந்த ஃபோர்டின் முதல் மாடல் ஏ காரைப் பார்த்தால் அன்றைய வியாபாரம் புரியும். இரண்டு பேர் வண்டி 750 டாலர். பின்னால் டொனோ சேர்த்தால் 850. தலைக்கு மேல் கூரை? அது விலையில் சேராது. ரப்பர் கூரை 30 டாலர், தோல் கூரை 50 டாலர், தனிக்காசு. மழை பெய்யும் என்பது வாங்குகிறவர் கவலை!

அந்தக் காலத்துச் சாலைகள் பெரும்பாலும் மண் சாலைகள். பின் சக்கரம் கிளப்புகிற புழுதி நேராக வந்து விழுவது காலியாகக் கிடக்கும் பின் இருக்கையில். முன்னால் மட்டும் ஆள் போகும்போது அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு துணியை இழுத்துப் பட்டன் போட்டுவிட்டால் இருக்கை தப்பிக்கும். அந்தத் துணிதான் டொனோ கவர். நம்மூர் பாஷையில் சொன்னால் ஒரு சின்னப் படுதா.

இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஏனென்றால் கார்களுக்கு நிஜமான கூரை வந்துவிட்டது. அமெரிக்காவில் 1919ல் விற்ற கார்களில் சுமார் பத்தில் ஒன்றுதான் மூடிய கார். 1927ல் பத்தில் எட்டுக்கும் மேல். இடையில் ஹட்சன் கம்பெனி 'எஸெக்ஸ் கோச்' என்ற மூடிய காரின் விலையைக் குறைத்துக்கொண்டே வந்து, 1925ல் தன் திறந்த காரைவிட மலிவாகவே கொடுத்தது. அதற்குப் பிறகு காசு மிச்சம் என்பதற்காகத் திறந்த கார் வாங்க யாருக்கும் காரணமில்லை. ஆசைக்காக வாங்குகிறவர்கள்தான் மிச்சம்.

அந்த ஆசை பிழைத்துக் கிடந்த இடம், மழைக்கும் குளிருக்கும் பேர்போன இங்கிலாந்து! எம்ஜி, டிரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி என்று வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1945ல் வந்த எம்ஜி டிசி மொத்தம் 10,000 தயாரானது. அதில் சுமார் 2,000 அமெரிக்கா போனது. ஸ்டீயரிங் வலப்பக்கம், ஹீட்டர் கிடையாது, ஆனாலும் வாங்கினார்கள்.

இதில் டொனோ கவரின் கதைக்கு மிகப் பொருத்தமான வண்டி 1958 மே மாதம் அறிமுகமான ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட். முன்விளக்கு இரண்டும் தவளைக் கண் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். 948 சிசி என்ஜின். வரி உட்பட சுமார் 670 பவுண்டு. அந்த விலைக்குக் கொண்டுவர எதையெல்லாம் கழித்தார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். கதவுக்கு வெளிப்பக்கக் கைப்பிடி இல்லை, உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். டிக்கிக்கு மூடி இல்லை, இருக்கையைச் சாய்த்துப் பின்னால் தவழ்ந்து சாமான் வைக்க வேண்டும். ஹீட்டர் தனிக்காசு. முன் பம்பர்கூடத் தனிக்காசு. டொனோ கவரும் தனிக்காசுதான். கூரை மட்டும் உண்டு; ஆனால் கம்பி வேறு, துணி வேறாகக் கழற்றிச் சுருட்டி வைப்பது. மழைத்துளி விழுந்த பிறகு அதை எடுத்து மாட்டி முடிப்பதற்குள் நனைய வேண்டியதெல்லாம் நனைந்திருக்கும்.

ஆக, மத்தியானம் அரை மணி நேரம் கடைத்தெருவில் வண்டியை நிறுத்துகிறவருக்குத் தேவைப்பட்டது கூரை அல்ல. அரை நிமிடத்தில் இழுத்து மூடுகிற ஒரு துணி. அதற்குக் கம்பெனி கேட்கிற காசைக் கொடுக்க மனசு வராதவர்கள் வீட்டுத் தையல் மெஷினை எடுத்தார்கள். லோட்டஸ் செவன் போன்ற வண்டிகளை 1957லிருந்து உதிரியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் கொள்முதல் வரி கிடையாது. பழைய ஆஸ்டின் செவன் அடிச்சட்டத்தின் மேல் சொந்தமாக உடல் கட்டுகிறவர்களும் அன்று ஏராளம். காரையே வீட்டில் செய்கிறவருக்குப் படுதா ஒரு பொருட்டா?

பொருட்டுதான் என்று பாதித் தையலில் தெரிந்திருக்கும் :-)

முதல் பிரச்சினை துணி. கான்வாஸ் நனைந்தால் நூல் ஊதி இடைவெளி அடைபடும், தண்ணீர் நிற்கும். ஆனால் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இன்னொரு வழி பூச்சு போட்ட செயற்கைத் தோல். மான்செஸ்டர் பக்கத்தில் ஹைடு என்ற ஊரில் 'ரெக்சின்' என்ற வணிகப் பெயரில் அது தயாரானது. ஆமாம், நம்மூர் குஷன் கடைகளில் இன்றும் கேட்டு வாங்குகிற அதே ரெக்சின். ஒரு கம்பெனியின் பெயர் பொருளின் பெயராகவே ஆகி, பிறந்த ஊரைவிட இங்கே அதிகம் புழங்குகிறது. மழை வந்தால் ஆட்டோவில் இறக்கிவிடுகிறார்களே, அந்தப் பக்கப் படுதாவும் பழைய திறந்த கார்களின் பக்கத்திரையும் ஒரே யோசனைதான். பிறகு வினைல் வந்தது. அது தண்ணீரை விடாது, ஆனால் குளிரில் விறைத்துச் சுருங்கும். வெயில் நாளில் இழுத்துக் கச்சிதமாகப் பட்டன் வைத்தவர், ஜனவரியில் கடைசிப் பட்டனுக்கு ஒரு விரற்கடை எட்டாமல் நின்று திட்டியிருப்பார்.

இரண்டாவது, அளவு. பழைய படுக்கை விரிப்பை வண்டியின் மேல் விரித்து ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்து, அதை வைத்துத் துணி வெட்டுவது வழக்கமான முறை. இதில் அவசரப்பட்டால் தொலைந்தது. ஸ்டீயரிங் சக்கரம் மேலே துருத்திக்கொண்டிருக்கும். அதற்கென்று ஒரு பை மாதிரி புடைப்பு தைக்க வேண்டும். 1969 முதல் அமெரிக்காவில் முன் இருக்கைக்குத் தலைச்சாய்வு கட்டாயமானதும் அதற்கும் இரண்டு பை சேர்ந்தது. ஓரம் இரட்டை மடிப்பு. மூட்டுகளை ஓடு வேய்கிற மாதிரி, மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் விழும்படி தைக்காவிட்டால் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். நான்கு மடிப்பு ரெக்சின் சேருகிற இடத்தில் வீட்டு மெஷினின் ஊசி ஒடியும். சமையலறை மேஜையில் நடந்த இந்த வேலையில் மெஷின் யாருடையது, திட்டு யாருக்கு விழுந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, மாட்டுகிற விஷயம். சாதாரண பிரஸ் பட்டன் புதிதல்ல. ஜெர்மனியில் ஹெரிபர்ட் பாவர் 1885லேயே காப்புரிமை வாங்கினார், அதுவும் ஆண்களின் கால்சட்டைக்காக! காருக்கு அதைவிடக் கெட்டியான ஒன்று 'லிஃப்ட் தி டாட்'. மூன்று பக்கம் எவ்வளவு இழுத்தாலும் விடாது, நான்காவது பக்கத்தைத் தூக்கினால் மட்டும் கழன்று வரும். காற்று அடிக்கிற பக்கம் பார்த்துப் பொருத்தினால் எவ்வளவு வேகத்திலும் பறக்காது. ஆனால் எந்தப் பட்டனுக்கும் ஆண் பாகம் காரின் உடம்பில்தான் நிற்க வேண்டும். அதாவது நல்ல தகரத்தில் வரிசையாகத் துளை. ஒவ்வொரு துளையும் துருவுக்குப் போட்ட அழைப்பிதழ்.

இவ்வளவு பாடுபட்டதற்குக் கிடைத்த பெரிய லாபம் நடுவில் வைக்கிற ஜிப். கிடியன் சண்ட்பேக் 1917ல் காப்புரிமை வாங்கிய அந்தப் பல்வரிசை இல்லையென்றால் டொனோ கவர் வெறும் நிறுத்துமிடப் போர்வையாகவே இருந்திருக்கும். நடு ஜிப்பைத் திறந்து ஓட்டுநர் பக்கத் துணியை மட்டும் மடித்து முதுகுக்குப் பின்னால் செருகிவிட்டு, பக்கத்து இருக்கையை மூடியபடியே வண்டி ஓட்டலாம். திறந்த காரில் குளிர் முன்னாலிருந்து வருவதாகத்தான் தோன்றும். உண்மையில் கண்ணாடிக்கு மேலே தாண்டிப் போகிற காற்று சுழன்று திரும்பி, பின்னாலிருந்து கழுத்தில் அடிக்கும். பாதி மூடிய துணி அந்தச் சுழலுக்கு இடம் கொடுக்காது. கூடவே என்ஜினிலிருந்து கசிகிற சூடு துணிக்கு அடியில் தங்கிக் காலைக் கதகதப்பாக வைக்கும். ஹீட்டருக்குக் காசு கொடுக்காதவருக்குக் கிடைத்த ஹீட்டர் இதுதான். கூரையை மூடினால் வானம் போய்விடும், முழுக்கத் திறந்தால் விறைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டுபிடித்தது இந்தத் துணி. அதனாலேயே கூரை எவ்வளவு மேம்பட்டாலும் பழைய ஆட்கள் இதை விடவில்லை.

பணக்காரர்கள் வீட்டிலும் இது நுழைந்தது. 1955ல் லெமான் பந்தயத்தில் ஜெயித்த ஜாகுவார் டி-டைப்பில் பக்கத்து இருக்கைப் பள்ளத்தை உலோக மூடியால் அடைத்திருந்தார்கள், காற்றுத் தடை குறைய. ஃபோர்டு 1962ல் தண்டர்பேர்டு ஸ்போர்ட்ஸ் ரோட்ஸ்டரின் பின் இருக்கைகள் மேல் ஃபைபர்கிளாஸ் மூடி போட்டு நான்கு பேர் காரை இரண்டு பேர் காராக்கி விற்றது. இருக்கையை மூடுவதற்கு அதிகக் காசு! முதல் வருடம் 1,427, அடுத்த வருடம் 455, அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுப் படுதாவின் பலவீனம் வண்டி நிற்கும்போதுதான் தெரியும். துணி நடுவில் தொய்ந்து குளம் கட்டும். ஒரு சதுர மீட்டர் அளவில் சராசரியாக 5 செ.மீ. நின்றாலே 50 லிட்டர், அதாவது 50 கிலோ. பட்டன் பிடுங்கிக்கொண்டு மொத்தமும் இருக்கையில் கொட்டும். கூடாரக் கம்பம் மாதிரி நடுவில் ஒரு குச்சி நட்டுத் துணியைத் தூக்கி நிறுத்துவது எளிய மருந்து. இது வெறும் நனைந்த இருக்கைப் பிரச்சினை இல்லை. எம்ஜியின் டி வரிசைக் கார்களுக்கு உடம்பின் எலும்புக்கூடு ஆஷ் மரம், தரை ஒட்டுப் பலகை. தண்ணீர் தேங்கினால் மரம் உளுத்துக் கதவு தொங்கும். ஸ்பிரைட்டுக்குத் தகரத் தரை; அது துருவில் போகும். படுதா சரியாகத் தைக்கப்படாத வண்டிகளில் பல இன்று இல்லை. ஈர இருக்கையை அப்படியே மூடி வைத்தவர்களின் வண்டிகளும் அதே வழியில் போயிருக்கும். அங்கே ஈரம் மேலிருந்து வரவில்லை, உள்ளேயே அடைபட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1980ல் எம்ஜிபி தயாரிப்பு நின்றது, அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. 1989ல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்தபோது கூரையை உட்கார்ந்த இடத்திலிருந்தே இறக்கி ஏற்றலாம் என்றாகிவிட்டது. டொனோ கவர் என்ற பெயர் இப்போது அதிகம் கேட்பது அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில், சாமான் தொட்டிக்குப் போடுகிற மூடிக்கு. பீப்பாயும் இல்லை, பின் இருக்கையும் இல்லை.

பழைய ஸ்பிரைட், எம்ஜிக்களுக்கு மட்டும் இன்னும் புதிதாகத் தைத்து விற்கிறார்கள். அந்தக் கார்கள் கையால் பூட்டியவை, ஒரு வண்டியின் பட்டன் இருக்கிற இடத்தில் அடுத்த வண்டியில் இருக்காது. எனவே கடையில் வாங்கும் கவர் பலவற்றில் பட்டன்களைப் பொருத்தாமல் ஒரு சின்னப் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். வெயில் நாளாகப் பார்த்து, துணியை வண்டி மேல் விரித்துச் சூடேற விட்டு, பின்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குறி வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டியது வாங்கியவர்தான்.