நாமக்கல் முட்டை ஊறுகாய் ஆன வழி

நாமக்கல் பண்ணைக் கோழியின் வயிற்றில் ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். இட்டவுடன் கோழியின் உடம்புச் சூடு அதில் அப்படியே இருக்கும். சூடு ஆற ஆற உள்ளிருப்பது சுருங்கி, அகன்ற முனையில் ஒரு காற்றறை விழும்.

அட்டைக்கு முப்பதாக அடுக்கி லாரி ஏறும் முட்டை கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர் கடந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்கு வருகிறது. வழியெல்லாம் அது மாறிக்கொண்டே இருக்கிறது. ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு கசியக் கசிய, அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை வெள்ளைக்கருவில் கூடுகிறது. அன்று இட்ட முட்டையை அவித்தால் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வரும். ஒரு வாரமான முட்டையை அகன்ற முனையில் தட்டி உரித்தால் ஓடு வழுவழுவென்று கழன்றுவிடும். ஊறுகாய்க்கு ஏற்றது அதுதான்.

இந்தப் பக்கம் ஊறுகாய் என்றாலே மாங்காய். மலையடிவாரத் தோப்புக் காய்கள் ராஜபாளையத்து வீடுகளில் ஆவக்காயாகி, மேலே எண்ணெய் மிதக்க, ஜாடியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். உப்பும் வத்தலும் கடுகும் துணை நிற்கின்றன. முதல் காவல் மாங்காயின் சொந்தப் புளிப்பு. முட்டைக்கு அந்தப் புளிப்பு கிடையாது. ஆகவே மாங்காய்க்குச் செய்வதையெல்லாம் முட்டைக்குச் செய்யக் கூடாது.

1997-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 68 வயதுக்காரர் ஒருவர் அவித்த முட்டைகளைப் பல்குச்சியால் குத்தி, மிளகாய், பீட்ரூட், வினிகரோடு ஜாடியில் போட்டு, ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியே வைத்திருந்தார். அதைச் சாப்பிட்ட அவருக்குப் பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தது, பேச்சு குழறியது, மூச்சு விடவும் முடியாமல் போனது. பாட்டுலினம் என்னும் நஞ்சு. சோதித்தபோது ஊறிய நீரில் இருந்ததைவிட மஞ்சள்கருவில்தான் நஞ்சு மிக அதிகம். குச்சியோடு கிருமியின் வித்து உள்ளே போயிருக்கலாம். மஞ்சள்கருவில் காற்றில்லை, புளிப்பு அங்கே போய்ச் சேர நாளாகும். அந்தக் கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

இதைத் தெரிந்துகொண்டு செய்தால் முட்டை ஊறுகாய் அருமையான பண்டம். கீறல் இல்லாத 10 முட்டைகளை மஞ்சள்கரு கெட்டிப்படும்வரை அவித்து, குளிர்ந்த நீரில் போட்டு உரிக்க வேண்டும். லேபிளில் 5 சதவீதம் என்று போட்ட வினிகர் அரை லிட்டர் எடுத்து, தண்ணீர் சேர்க்காமல், விருதுநகர் சந்தை வத்தல் ஏழெட்டு, மிளகு, கடுகு, பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், இரண்டு தேக்கரண்டி உப்பு போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்த்துகீசியக் கப்பலில் வந்த மிளகாயும், மேற்கு மலைகளின் மிளகும் இந்தப் பாத்திரத்தில் ஒன்றாக வேகின்றன.

வெந்நீரில் கொதிக்கவைத்த கண்ணாடி ஜாடியில் முட்டைகளைப் போட்டு, அவை முழுதும் மூழ்கும்படி கொதித்த வினிகரைச் சூட்டோடு ஊற்றி மூட வேண்டும். மேலே எண்ணெய் விடக் கூடாது, முட்டையைக் குத்தவோ கீறவோ கூடாது. ஆறியதும் ஜாடி நேரே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும்.

மூன்று நாளில் எடுத்து அரிந்தால் ஓரத்தில் மட்டும் மஞ்சள் வளையம் தெரியும். நடுவில் பழைய அவித்த முட்டைதான். உறைப்பும் புளிப்பும் உள்ளே இறங்கப் பெரிய முட்டைக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகு தயிர்சாதத்துக்கு இதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. ஈரமில்லாத கரண்டியால் வேண்டியதை எடுத்துக்கொண்டு ஜாடியை உடனே உள்ளே வைத்துவிட வேண்டும். மூன்று, நான்கு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இந்த ஊறுகாய் வேண்டாம். அதே வத்தலையும் பூண்டையும் அரைத்து வதக்கி, அவித்த முட்டையைப் பிரட்டி, அன்றைக்கே சுடச்சுடச் சாப்பிட்டு முடிக்கலாம். 250 கிலோமீட்டர் வந்த முட்டைக்கு அதுவும் நல்ல மரியாதைதான்.