வளியெறி கருவிகளும் விரைவின் எல்லையும்

அடக்கி வைத்த வளியின் விசையால் ஒரு பொருளைத் தொலைவில் எறியும் கலை மிகத் தொன்மையானது. போர்னியோக் காடுகளில் வாழும் வேட்டுவர் நெடுங்குழலில் சிற்றம்பினை இட்டு வாயால் ஊதி எய்யும் முறை அக்கலையின் எளிய வடிவம். மலாய் மொழியினர் அக்குழலைச் 'சும்பித்தான்' என வழங்குவர். வாயால் ஊதும் குழலிலிருந்து இன்றைய ஆய்வுக்கூடக் கருவி வரையுள்ள வரலாற்றை, அழுத்தம் படிப்படியாக உயர்ந்த கதையாக எழுதிவிடுதல் எளிது. ஆயின் அவ்வாறு எழுதப்படும் வரலாறு ஓர் அடிப்படை உண்மையை விட்டுவிடும். வளி, எறிபொருளைத் தள்ளும்போது தன்னையும் தள்ளிச் செல்லவேண்டியுள்ளது. ஆதலின் விரைவின் எல்லையை வகுப்பதில் வளியின் சொந்த நிறைக்கும் பங்கு உண்டு. இவ்வுண்மை எவ்வாறு புலனாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியஸ் என்பார் காற்றின் துணைகொண்டு இயங்கும் எறிபொறி ஒன்றை அமைத்தார். அதன் அமைப்பினைப் பைசாந்தியத்துப் பைலோ தம் நூலில் விளக்கியுள்ளார். பொறியின் இரு கைகளையும் பின்னுக்கு இழுக்குங்கால், வெண்கல உருளைகளுள் இறுகப் பொருந்திய உந்துதண்டுகள் காற்றை நெருக்கும். கைகளை விடுவித்தவுடன் காற்று விரிந்து அவற்றை முன்தள்ளும். ஈண்டுக் காற்று எறிபொருளைத் தீண்டுவதில்லை. முறுக்கிய நரம்புக் கயிறுகள் செய்த தொழிலையே அது செய்தது. எனினும் காற்றிற்கு மீள்விசை உண்டு என்பதை உணர்ந்து, அதனைக் கருவியாக்கிய பெருமை டெசிபியசுக்கு உரியது.

அம்மீள்விசைக்கு அளவு வகுத்தது பதினேழாம் நூற்றாண்டு. வெப்பநிலை மாறாதவிடத்து வளியின் அழுத்தமும் பருமனும் எதிர் விகிதத்தில் அமையும் என்பதை இராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்டார். மாக்டபர்க் நகரத்து ஆட்டோ வான் குரிக்கே 1672இல் வெளியிட்ட தம் நூலில் வேறொரு வழி காட்டினார். குழலினுள் இருந்த காற்றை அகற்றிவிட்டு, வெளிக்காற்றே குண்டினைத் தள்ளுமாறு அவர் செய்தார். எவரும் நெருக்கி அடைக்காத காற்றும் எறியும் ஆற்றலுடையது என்பது இதனால் விளங்கிற்று.

இவ்வரலாற்றில் சிறப்பிடம் பெறுபவர் ஆங்கில அறிஞர் பெஞ்சமின் இராபின்ஸ் ஆவார். 1742இல் அவர் வெளியிட்ட பீரங்கிக்கலை நூல், வெடிமருந்தை நெருக்குண்ட வளியாகவே கருதிக் கணக்கிட்டது. மருந்து எரியும்போது தோன்றும் வளி, வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 1,000 மடங்கு அழுத்தம் உடையது என அவர் கணித்தார். அது பாயில் விதிப்படி விரிந்து குண்டினைத் தள்ளும் எனக்கொண்டு, துப்பாக்கிக் குண்டின் விரைவு நொடிக்கு 1,600 அடிக்கு மேற்படும் எனக் கண்டார். தாம் அமைத்த ஊசல் கருவியில் குண்டினை மோதவிட்டு அளந்தும் பார்த்தார். துப்பாக்கியும் காற்றுத் துப்பாக்கியும் இயற்பியல் நோக்கில் ஓரினத்தன என்பது இதனால் நிறுவப்பெற்றது. 1745இல் ஆய்லர் இந்நூலை விரிவான விளக்கத்துடன் செருமானியத்தில் ஆக்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்யும் பணியேற்றுத் தமிழகம் வந்த இராபின்ஸ், 1751இல் கடலூரையடுத்த புனித டேவிட் கோட்டையில் இறந்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜிரார்டோனி என்பார் படைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை ஏற்றது. அதன் அடிக்கட்டையே காற்றை அடக்கும் கலன். அக்கலனை நிரப்பக் கையடிப் பம்பினை ஏறத்தாழ 1,500 முறை அழுத்தவேண்டும். ஒருமுறை நிரப்பினால் முப்பது குண்டுகள் வரை பயனுறச் சுடலாம். புகையும் நெருப்பும் இல்லை. அடுத்தடுத்துச் சுடும் வாய்ப்பும் உண்டு. எனினும் ஒவ்வொரு குண்டிற்கும் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். கலனும் இணைப்புகளும் நுண்ணிய பேணுதலை வேண்டின. படைவழக்கில் அது நிலைபெறாமைக்கு இவையே காரணம் எனலாம். 1803இல் தொடங்கிய அமெரிக்கப் பெரும்பயணத்தில் மெரிவெதர் லூயிஸ் ஒரு காற்றுத் துப்பாக்கியை உடன்கொண்டு சென்றார். அதுவும் இவ்வகையினதே என்பர் ஆய்வாளர் பலர்.

வளியின் மென்மையான தள்ளுதலே வேண்டப்பட்ட காலமும் உண்டு. டைனமைட் நிரப்பிய குண்டு, வெடிமருந்தின் அதிர்ச்சியால் பீரங்கிக் குழலுள்ளேயே வெடித்துவிடக்கூடும். ஆதலின் சலின்ஸ்கி என்னும் அமெரிக்கப் படை அலுவலர் நெருக்குண்ட காற்றால் இயங்கும் பீரங்கியைச் செப்பம் செய்தார். 'வெசுவியஸ்' என்ற கப்பலில் 15 அங்குல வாயுடைய அத்தகைய பீரங்கிகள் மூன்று பொருத்தப்பட்டன. 1898இல் கியூபாவின் சாந்தியாகோ துறையை அக்கப்பல் தாக்கியது. அதிர்ச்சியைத் தாங்கும் வெடிபொருள்கள் பெருகியபின் அப்பீரங்கிக்குத் தேவை இல்லாதொழிந்தது.

இனி, விரைவின் எல்லை யாது என நோக்குவோம். வளியின் ஒரு முனையில் நிகழும் அழுத்த மாற்றம் மறுமுனையை அடைவது ஒலியின் விரைவிலேயாகும். முன்னோடும் குண்டினைப் பின்தொடர வளியே விரைந்து ஓடவேண்டும். அவ்வோட்டத்தில் அதன் ஆற்றலின் ஒரு பகுதி செலவாகும். 1793இல் லக்ராஞ்சு இச்சிக்கலைக் கணித முறையில் ஆராய்ந்தார். குழல் முழுவதும் வளியின் அடர்த்தி சமம் எனக்கொண்டால், வளி நிறையின் மூன்றில் ஒரு பங்கு குண்டின் நிறையோடு சேர்ந்தாற்போல ஆற்றலைப் பெறும். மேலும், குண்டே இல்லாத நிலையிலும், அசைவற்றிருந்த வளி வெற்றிடத்துள் பாயும் விரைவிற்கு ஓர் உச்சம் உண்டு. காற்றிற்கு அவ்வுச்சம் அதன் ஒலி விரைவைப்போல் ஐந்து மடங்கு. அறை வெப்பநிலையில் அது நொடிக்கு ஏறத்தாழ 1,700 மீட்டர் ஆகும். அழுத்தத்தை எத்துணை உயர்த்தினும் இவ்வுச்சம் உயர்வதில்லை. வெப்பத்தை மிகுத்தோ, இலேசான வளியைத் தேர்ந்தோ மட்டுமே அதனை உயர்த்தலாம். ஹைட்ரஜனில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் செல்லும். அதன் உச்சம் 6,500 மீட்டர். வெடிமருந்தின் வளியோ வெம்மை மிக்கதாயினும் கனமானது.

இவ்வுண்மையைக் கருவியாக்கியது இருபதாம் நூற்றாண்டு. இரண்டாம் உலகப்போருக்குப்பின் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் குரோசியர், ஹியூம் என்னும் இருவர் இலேசான வளியால் இயங்கும் துப்பாக்கியை ஆக்கினர். 1957இல் அதனைப் பற்றிய கட்டுரையும் வெளியிட்டனர். பின்னர் எழுந்த ஈரடுக்குக் கருவிகளில் வெடிமருந்து ஓர் உந்துதண்டைத் தள்ளும். அது ஹைட்ரஜனை நெருக்கிச் சூடாக்கும். அச்சூடேறிய இலேசான வளி சிறு குண்டினை நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் செலுத்தும். விண்கலங்களின் மீது நுண்கற்கள் மோதும் விளைவை நிலவுலகில் ஆராய இவை உதவுகின்றன.

மேற்கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். இராபின்ஸ் வெடிமருந்தையும் வளியின் கணக்கில் கொணர்ந்தார். குண்டின் இயக்கத்தைக் கணித்தபோது அவ்வளியின் நிறையைச் சேர்த்திலர். துப்பாக்கிக் குண்டின் விரைவளவில் அவ்விடுபாடு பெரும்பிழை விளைக்கவில்லை. ஆதலின் அவர் கணக்கு ஊசலின் அளவோடு இயைந்தது. விரைவு மிகுந்தோறும் விடுபட்ட அந்நிறையே முதன்மை பெற்றது. பழங்கருவிகளின் வரலாற்றை ஆராய்வோர் அவை அடைந்த அழுத்தத்தை அளப்பதோடு நில்லாது, அவற்றுள் இயங்கிய வளி எத்தகையது என்பதையும் வினவுதல் வேண்டும்.