ஏதென்ஸ் அரங்கும் இரினா மெர்லெனியும்

விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் முதல் வெற்றியாளரின் பெயரைக் குறித்துவிட்டு அப்பாற் செல்வது வழக்கம். அவர் அவ்விடத்தை அடைந்த வழி பெரும்பாலும் ஆராயப்படுவதில்லை.

1896 இல் ஏதென்சில் நிகழ்ந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கில் மல்யுத்தம் இடம்பெற்றது. பெண்களோ எப்போட்டியிலும் இடம்பெறவில்லை. பெண்களுக்கான உலக மல்யுத்தப் போட்டி 1987 இலேயே நோர்வேயில் ஆரம்பமாயிற்று. ஒலிம்பிக் வாயில் திறக்க மேலும் 17 ஆண்டுகள் சென்றன.

1982 இல் உக்ரேனிற் பிறந்த மெர்லெனி, அவ்வாயில் திறக்குமுன்னரே 2000, 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றிருந்தார். எனவே ஒலிம்பிக் அவரை உருவாக்கிற்று என்பது பொருந்தாது. உருவாகிவிட்டவரை அது காலந்தாழ்த்தி ஏற்றுக்கொண்டது என்பதே பொருந்தும்.

அந்த ஏற்பும் முழுமையானதன்று. 2004 இல் அதே ஏதென்சில் ஆடவர்க்கு இருவகை மல்யுத்தத்திலும் 14 நிறைப்பிரிவுகள் இருக்க, பெண்களுக்கு நான்கே வழங்கப்பட்டன. 48 கிலோகிராம் இறுதிப் போட்டியில் மெர்லெனியும் யப்பானின் சிஹாரு இச்சோவும் 2–2 எனச் சமநிலையில் நின்றனர். நடுவர் தீர்ப்பு மெர்லெனிக்குச் சார்பாயிற்று. பெண்கள் மல்யுத்தத்தின் முதல் ஒலிம்பிக் தங்கம் அவரதாயிற்று.

2008 இல் பெய்ஜிங்கில் அவர் வெண்கலம் பெற்றார். இச்சோ மீண்டும் வெள்ளியே பெற்றார். சமபுள்ளி பெற்ற இருவருள் ஒருவரையே வரலாறு 'முதல்வர்' எனக் கொண்டது. ஆயின், 2016 இல் கட்டற்ற மல்யுத்தத்தில் இருபாலார்க்கும் ஆறு பிரிவுகள் என்ற சமத்துவம் எய்தப்பட்டபோது, அதற்கு அடிகோலியோர் அவ்விருவருமே என்பது நினைவுகூரற்பாலது.