தழும்பும் வெயிலும்: சேலம், நாமக்கல் சமவெளியில் தோல் புற்றுநோய்த் தடுப்பு

தோல் புற்றுநோய்த் தடுப்பு என்றதும் வெயிலைத் தவிர்ப்பதும் களிம்பு பூசுவதுமே நினைவுக்கு வருகின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1981இல் தொடங்கிய பரப்புரை சட்டை, களிம்பு, தொப்பி மூன்றையும் வெளிர்தோல் மக்களின் பழக்கமாக்க முனைந்தது. அவர்களுக்கு அது பொருந்தும். சேலம், நாமக்கல் சமவெளியில் அதையே முதற்பாடமாக வைப்பது பொருந்தாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கருந்தோலிலுள்ள மெலனின் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுக்கிறது. இந்தியாவில் தோல் புற்று அரிது. வந்தவர்களிலும் பலருக்குக் காரணம் வெயிலன்று. காங்கிரி என்னும் கணப்புச் சட்டியை ஆடைக்குள் அணைத்து வைக்கும் காஷ்மீரிகளுக்கு வயிற்றிலும் தொடையிலும் புற்று எழுவதை மருத்துவர் எல்ம்ஸ்லி 1866இல் எழுதினார். வேட்டி இறுகும் இடுப்புத் தடத்தில் வரும் புற்றை 1945இல் ஆய்வாளர்கள் கனோல்கரும் சூர்யாபாயும் பதிவுசெய்தனர். பாவாடை நாடா உராய்ந்த புண் புற்றான இரு பெண்களைப் பற்றி வார்தா, பீகார் மருத்துவர்கள் 2024இல் எழுதினர். சூடோ உராய்வோ ஆறாத புண்ணோ, தோல் ஓயாமல் சிதைந்து மீண்டும் வளரும் இடத்தில் செல்பெருக்கம் பிழைபடக்கூடும்.

இந்த அளவுகோலால் நம் சமவெளியைப் பார்க்கலாம். பரமத்தி வேலூர் வட்டாரத்து வெல்லக் கொட்டகையில் கொதிக்கும் பாகு தெறித்து வெந்த கை, மரவள்ளிக் காட்டில் வெறுங்காலோடு நடந்த பாதம், நரம்புச் சுருட்டலாலோ சர்க்கரை நோயாலோ ஆறாத கால்புண்: இவையே கவனிக்க வேண்டியவை. தீக்காயத் தழும்பில் புற்று தோன்றச் சராசரியாக ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆகிறது. கருந்தோலினருக்கு வரும் மெலனோமா என்னும் தோல் புற்றும் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலுமே ஒளிகிறது. பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் தொடங்கிய அந்நோய் 1981இல் அவர் உயிரைப் பறித்தது.

அப்படியானால் வெயிலுக்குப் பங்கே இல்லையா? உண்டு. பிறவியிலேயே மெலனின் குன்றிய வெண்தோலினருக்கும் மாற்றுச் சிறுநீரகம் பெற்று எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்து உண்பவர்களுக்கும் தொப்பி, முழுக்கைச் சட்டை, களிம்பு மூன்றும் கட்டாயம். ஜவ்வரிசி காயவைக்கும் களத்தில் அவர்களை நண்பகலில் நிறுத்தலாகாது. ஆனால் இது ஒரு சிறு பிரிவினருக்கான அறிவுரை. ஊர் முழுமைக்கும் இதையே சொன்னால் தழும்புக்காரர் தமக்கில்லை என்று நகர்ந்துவிடுவார்.

பழக்கம் சுவரொட்டியால் வேரூன்றாது. இருக்கும் பழக்கத்தோடு ஒட்டினால்தான் நிலைக்கும். காட்டிலிருந்து திரும்பியதும் கால் கழுவுவது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அப்போதே உள்ளங்காலையும் நகத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லலாம். குனிய முடியாதவருக்கு வீட்டார் பார்க்கலாம். பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டுவதற்கும் செலவில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம் பார்க்க வீடு தேடி வருபவர், பழைய தழும்பு உண்டா என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாம். தழும்பு வெடித்தாலோ, புண் நான்கு வாரமாகியும் ஆறாவிட்டாலோ, மஞ்சளும் சுண்ணாம்பும் போதாது. சதைப் பரிசோதனை வேண்டும்.

முப்பது ஆண்டுக்கு முன் ஆறிய காயத்தின் சீட்டு எந்த மருத்துவமனையிலும் கிடைப்பது அரிது. அதன் பதிவேடு காயம்பட்டவரின் தோல்தான். அதைப் படிக்கும் பழக்கத்தையே தடுப்புப் பணி முதலில் கற்பிக்க வேண்டும்.