பாதி இன்ஜினை மூடிவிட்டு ரயில் ஓட்டுவது

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் தினமும் பார்க்கிற காட்சிதான். வடக்கே போகும் எக்ஸ்பிரஸ் ஒன்று நிற்காமல் தடதடவென்று கடந்து போகும். முன்னால் இழுப்பது பெரும்பாலும் டபிள்யூ.ஏ.பி-7 இன்ஜின். வெளியே பார்த்தால் ஒன்று, உள்ளே கிட்டத்தட்ட இரண்டு! ஒரு பாதியை மூடிவிட்டு மறுபாதியை வைத்தே அடுத்த பெரிய ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். இந்த வசதி நம் தண்டவாளத்துக்கு வர ரொம்ப நாள் ஆனது.

1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயிலே திருவள்ளூர் வழியாகத்தான் போனது (நம்ம ஊருக்கு இந்தப் பெருமை உண்டு, யாரும் சொல்வதில்லை). மின்சாரம்தான் தாமதம். சென்னை கடற்கரை - தாம்பரம் பாதைக்கு 1931லேயே கிடைத்தது, கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் 1979ல்தான் கம்பி வந்தது. வந்தது 25,000 வோல்ட் ஏசி.

அதில் ஒரு நஷ்டமும் கூடவே வந்தது. மின்சார மோட்டாரைச் சக்கரம் சுற்றினால் அது ஜெனரேட்டர் ஆகிவிடும். அதாவது பிரேக் போடும்போது மின்சாரம் பிறக்கும். இத்தாலியில் ஜெனோவா பக்கத்து ஜியோவி மலைப்பாதையில் 1910களிலேயே அதைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பினார்கள். பம்பாயின் மலைப்பாதையில் ஓடிய பழைய டிசி இன்ஜின்களும் இதைச் செய்தன. ஆனால் பிறகு வந்த ஏசி இன்ஜின்களில் ஏசியை டிசியாக மாற்றியது டயோடு. டயோடு ஒருவழிப் பாதை. உள்ளே வரலாம், திரும்பப் போக முடியாது. பிரேக்கில் பிறந்த மின்சாரத்தை ரெசிஸ்டரில் சூடாக்கிக் காற்றில் விட்டார்கள். காமர்ஸ் பாஷையில் சொன்னால், செலவுப் பக்கம் மட்டுமே உள்ள பேரேடு.

1993ல் ஏபிபி நிறுவனத்தோடு ரயில்வே போட்ட ஒப்பந்தம் இதை மாற்றியது. 1995ல் டபிள்யூ.ஏ.பி-5 இன்ஜின்கள் வந்தன, பின்னாலேயே சரக்கு ரயிலுக்கான டபிள்யூ.ஏ.ஜி-9. தொழில்நுட்பமும் கூடவே வந்ததால் 1998 நவம்பரில் சித்தரஞ்சன் தொழிற்சாலை தானே ஒரு டபிள்யூ.ஏ.ஜி-9ஐச் செய்து 'நவ்யுக்' என்று பெயர் வைத்தது. டபிள்யூ.ஏ.பி-7 அதன் பயணிகள் ரயில் வடிவம். 6,350 குதிரைத்திறன்.

இந்த இன்ஜின்களில் டயோடுக்குப் பதில் ஜி.டி.ஓ. எனும் திறந்து மூடக்கூடிய குறைகடத்திகள். மின்சாரம் இரண்டு பக்கமும் போகும். முக்கியமான விஷயம், கன்வெர்ட்டர் இரண்டு. முன் போகியின் மூன்று மோட்டார்களுக்கு ஒன்று, பின் போகியின் மூன்றுக்கு இன்னொன்று.

ஒன்று பழுதானால்? இன்ஜினுக்குள் 154 என்று எண் போட்ட ஒரு திருகு சுவிட்ச் இருக்கிறது. நார்மல், 1, 2, இரண்டும் என்று நான்கு நிலை. மெயின் சர்க்யூட் பிரேக்கரைத் திறந்துவிட்டு டிரைவர் இதைத் திருப்பினால் அந்த போகி கணக்கிலிருந்தே போய்விடும். சும்மா விட்டுவிட்டால் ஆகாதா என்றால், ஆகாது. செத்த பக்கத்திலிருந்து வரும் தப்பான அளவைக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் மறுபடி மறுபடி கோளாறாக எடுத்துக்கொண்டால், நன்றாக இருக்கும் பாதியும் சேர்ந்து நின்றுவிடும். 'இது இல்லை என்று வைத்துக்கொள்' என்று அதற்குச் சொல்லியாக வேண்டும்.

சொல்லிவிட்டால் எல்லாம் சரியா? இழுக்கும் சக்தி பாதி போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலரும் மறப்பது மறுபக்கத்தை. இருவழிப் பாதையை மூடினால் இரண்டு வழியும் மூடும். மின் பிரேக்கும் பாதிதான், கம்பிக்குத் திரும்பும் மின்சாரமும் பாதிதான். டிரைவர் காற்று பிரேக்கை அதிகம் நம்ப வேண்டியிருக்கும். ஒன்றாகவே இருக்கிற டிரான்ஸ்பார்மரோ மெயின் பிரேக்கரோ போய்விட்டால் 154ஐ எந்தப் பக்கம் திருகியும் புண்ணியமில்லை, வேறு இன்ஜின் வர வேண்டியதுதான்.

பிறகு ஜி.டி.ஓ. போய் ஐ.ஜி.பி.டி. வந்தது. அதில் ஒவ்வொரு அச்சுக்கும் தனிக் கட்டுப்பாடு உள்ள வகையில் ஆறு மோட்டாரில் ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு, மீதி ஐந்தோடு ஓடலாம்.