ரஜனி எதிமார்ப்பு

ரஜனி எதிமார்ப்பு (பிறப்பு: 1990) இந்திய மகளிர் ஹாக்கி அணியின் கோல்கீப்பராக ஆடியவர். ஆந்திரப் பிரதேசத்தின் பழைய சித்தூர் மாவட்டத்தில், எர்ராவாரிபாலெம் மண்டலத்தைச் சேர்ந்த எனுமுலவாரிபள்ளி இவருடைய ஊர். தந்தை தச்சுத் தொழிலாளி. செய்தித்தாள்களும் அணிப் பட்டியல்களும் இவரைப் பெரும்பாலும் 'இ. ரஜனி' என்றே குறிப்பிடுகின்றன. இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்கான இந்தியக் குழுக்களில் மாற்று கோல்கீப்பராக இடம்பெற்றவர். ஐவர் ஹாக்கியின் முதல் உலகக் கோப்பையில் இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி வெள்ளிப் பதக்கம் வென்றவர்.

எர்ராவாரிபாலெம் சேஷாசலம் மலைத்தொடரின் ஓரத்தில் உள்ள பகுதி. தலகோனா அருவிக்குப் போனவர்கள் இந்த மண்டலத்தின் வழியாகத்தான் போயிருப்பார்கள். வேளாண்மையும் கூலி வேலையும்தான் இங்கே பிழைப்பு. இந்திய மகளிர் ஹாக்கிக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் என்றால் ஒடிசாவின் சுந்தர்கர், ஜார்க்கண்டின் சிம்டேகா, ஹரியாணாவின் ஷாபாத் என்று சொல்வார்கள். தெற்கே கோவில்பட்டிக்கும் குடகுக்கும் ஹாக்கி மரபு உண்டு, ஆனால் அது பெரும்பாலும் ஆண்களின் மரபு. இந்த வரைபடத்தில் சித்தூருக்கோ திருப்பதிக்கோ ஒரு புள்ளிகூட இருந்ததில்லை. ரஜனியின் வாழ்க்கைக் குறிப்பில் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். முன்னோடி என்று கைகாட்ட ஆளில்லாத மாவட்டத்திலிருந்து அவர் தேசிய அணிக்குப் போனார்.

அவர் ஏற்றுக்கொண்ட இடமும் எளிதானதல்ல. ஹாக்கி கோல் 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் கொண்டது. எதிரணிக்குப் பெனால்டி கார்னர் என்ற தண்டனை வாய்ப்பு கிடைத்தால், கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். எதிரணியின் டிராக் ஃபிளிக்கர் பந்தை மட்டையில் இழுத்துச் சுழற்றி எறிந்தால் அதைப் பார்த்துவிட்டு நகர நேரம் இருக்காது. மட்டையின் கோணத்தையும் தோளின் திருப்பத்தையும் வைத்து முன்கூட்டியே உடம்பைச் சாய்க்க வேண்டும். கால் கவசம், ஷூவுக்கு மேல் போடும் கிக்கர், மார்புக் கவசம், கையுறை, ஹெல்மெட் எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் இவ்வளவும். முழு ஆட்டம் சமனில் முடிந்து ஷூட்-அவுட் வந்தால், 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு வருபவரை 8 விநாடிகள் தனியாகச் சமாளிக்க வேண்டும்.

ஓர் அணிக்குக் கோலில் ஓர் ஆள்தான். ரஜனியின் காலத்தில் அந்த ஆள் ஹரியாணாவின் சவிதா புனியா. உலகின் சிறந்த கோல்கீப்பர் என்ற விருதை அடுத்தடுத்த ஆண்டுகளில் பெற்றவர் சவிதா. அவருடைய தலைமுறையில் பிறந்த எந்தக் கோல்கீப்பருக்கும் முதலிடம் கிடைத்திருக்காது. அமெரிக்கக் கால்பந்தில் பந்தோடு ஓடுபவருக்கு முன்னால் போய் எதிராளிகளை மோதித் தடுத்து வழி உண்டாக்கும் ஃபுல்பேக் என்ற ஆட்டக்காரரின் பெயர் ஸ்கோர் அட்டையில் அரிதாகவே வரும். ஹாக்கியில் இரண்டாவது கோல்கீப்பரின் இடம் அதைவிடவும் மறைவானது. பெங்களூரில் நடக்கும் தேசிய முகாமில் டிராக் ஃபிளிக்கர்கள் நாள்தோறும் அடித்துப் பழகுவதற்கு எதிரே கோல்கீப்பர்கள் வேண்டும். முதல் கோல்கீப்பருக்குக் காயம்பட்டால் அடுத்த நிமிடமே இறங்கத் தயாராகவும் ஒருவர் வேண்டும். போட்டியன்று விளையாடாவிட்டாலும் முகாமில் ஒரு நாள்கூட அவருக்கு விடுப்பில்லை.

2017-இல் ஜப்பானின் ககாமிகஹராவில் ஆசியக் கோப்பையை வென்ற அணியில் ரஜனி இருந்தார். சீனாவுக்கு எதிரான இறுதியாட்டம் 1–1 என்று முடிந்து, ஷூட்-அவுட்டில் 5–4 என இந்தியா வென்றது. அடுத்த ஆண்டு கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டி, லண்டன் உலகக் கோப்பை, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு மூன்றுக்கும் அவர் போனார். ஜகார்த்தாவில் வெள்ளி கிடைத்தது. 2022-இல் மஸ்கட் ஆசியக் கோப்பையிலும் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியிலும் வெண்கலம் வென்ற அணிகளிலும் அவர் பெயர் உண்டு.

ஒலிம்பிக் கதை வேறு. உலகக் கோப்பைக்கு 18 பேர் போகலாம், அதனால் இரண்டு கோல்கீப்பர்கள் அடங்குவார்கள். ஒலிம்பிக்கில் 16 பேர்தான். பெரும்பாலான நாடுகள் ஒரே கோல்கீப்பரை எடுத்துக்கொண்டு இன்னொருவரை மாற்று ஆளாக வைத்துவிடும். 36 ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய மகளிர் அணி ஆடிய ரியோ ஒலிம்பிக்கிலும் (2016), நான்காம் இடம் பிடித்த டோக்கியோவிலும் ரஜனிக்குக் கிடைத்தது அந்த மாற்று இடமே. டோக்கியோ காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1–0 என்று வென்றபோது கோலில் நின்றவர் சவிதா. அந்த வெற்றியை எழுதியவர்கள் முகாமில் உழைத்த இன்னொரு கோல்கீப்பரையும் ஒரு வரியில் நினைத்திருக்கலாம்.

ரஜனிக்கு முன்வரிசை வாய்ப்பைத் தந்தது ஐவர் ஹாக்கி. சிறிய மைதானம், சுற்றிலும் பலகை, அணிக்கு ஐந்து பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். பந்து பலகையில் பட்டுத் திரும்பி ஓயாமல் ஓடிக்கொண்டே இருப்பதால் கோல்கீப்பருக்கு மூச்சுவிட நேரமில்லை. 2022 ஜூனில் சுவிட்சர்லாந்தின் லோசானில் நடந்த போட்டிக்கு ரஜனியைக் கேப்டனாக அனுப்பினார்கள். 2024 ஜனவரியில் மஸ்கட்டில் நடந்த முதல் உலகக் கோப்பையிலும் அவரே கேப்டன். காலிறுதியில் நியூசிலாந்தை 11–1 என்றும் அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவை 6–3 என்றும் வீழ்த்திய இந்தியா, இறுதியில் நெதர்லாந்திடம் 2–7 என்று தோற்றது. இறுதியாட்டம் ஒருதலையாகப் போனது உண்மைதான். ஆனாலும் புதிய வடிவத்தில் இந்தியப் பெண்களின் முதல் உலகக் கோப்பைப் பதக்கம் ரஜனியின் தலைமையில்தான் வந்தது.

டோக்கியோவிலிருந்து திரும்பியதும், 2021 ஆகஸ்டில் ஆந்திர அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாயும், திருப்பதியில் 1,000 சதுர கஜம் வீட்டுமனையும், குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும், மாதம் 40,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. முந்தைய அரசு காலத்தில் நிலுவையில் இருந்த பரிசுத்தொகையும் அப்போதுதான் விடுவிக்கப்பட்டது. மாற்று ஆட்டக்காரர் என்று பாராமல் ஒரு மாநிலம் இவ்வளவு செய்தது சரியான செயல்.

2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது எர்ராவாரிபாலெம் மண்டலம் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. அதனால் பழைய ஆவணங்களில் ரஜனி சித்தூர் மாவட்டத்தவர், புதியவற்றில் திருப்பதி மாவட்டத்தவர்.