முகாமுக்குப் பின்: திண்டுக்கல் சமவெளியில் தொண்டு மருத்துவமும் மறுவாழ்வும்

ஊரகத் தொண்டு நிறுவனங்களின் பணியை முகாம்கள், பயனாளிகள், வழங்கிய கருவிகள் என எண்ணிக்கையால் அளப்பதே இன்றைய வழக்கம். மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. ஒருவரை எவ்வளவு காலம் விடாமல் கவனித்தார்கள் என்பதே அங்கு அளவுகோலாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான முன்மாதிரி திண்டுக்கல்லுக்கு அருகிலேயே உண்டு. மருத்துவர் டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமம் என்ற ஊரகத் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினர். நெசவாளர் ஊரான சின்னாளப்பட்டியில் அதன் சிறிய தாய்சேய் நல நிலையமாகத் தோன்றியதே பின்னாளில் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடி நலவாழ்வுத் திட்டம் தொடங்கியது. அதன் வழிவந்த ஊரக நலவாழ்வு, குடும்பநலப் பயிற்சி நிறுவனம் 1964இல் உருவானது. நோயாளி வரும்வரை காத்திராமல் பணியாளரை ஊருக்குள் அனுப்பியதும், பயிற்சியையும் மருத்துவத்தையும் ஒரே வளாகத்தில் இணைத்ததும் இம்முயற்சியின் சிறப்பு.

மகப்பேற்றுக் கவனிப்பைவிட மறுவாழ்வுக்குத் தொடர்ச்சி இன்னும் இன்றியமையாதது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு இயன்முறைப் பயிற்சி ஆண்டுக்கணக்கில் தேவை. வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பஞ்சாலைக்குப் போகும் தாய், குழந்தையை இடுப்பில் சுமந்து திண்டுக்கல்லுக்குப் பேருந்தேறினால் அன்றைய கூலி போய்விடும். முகாமில் அளவெடுத்துக் கொடுத்த காலிப்பர் என்னும் கால்தாங்கி, குழந்தை வளர வளரக் காலைக் கடிக்கத் தொடங்கும்; சில மாதங்களில் அது பரணுக்குப் போய்விடும். சக்கர நாற்காலி கிடைத்தாலும் வாசற்படியைத் தாண்ட முடியாவிட்டால் அது திண்ணையோடு நின்றுவிடுகிறது. முகாம் கணக்கில் இவை யாவும் வெற்றிகளே.

தென்காசி அருகே ஆய்க்குடியில், முதுகெலும்புக் காயத்தால் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் மாற்று வழியைக் காட்டுகிறது. கிராமத்துப் பணியாளர்கள் பயிற்சி பெற்று வீட்டுக்கே செல்கிறார்கள். இயன்முறை மருத்துவர் மேற்பார்வையிடுகிறார். பயிற்சி முறையைத் தாயும் கற்றுக்கொள்கிறார்.

அரசே வீடு தேடி வரும் இக்காலத்தில் தொண்டு நிறுவனம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்ற 7 வகைக் குறைபாடுகளை 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 ஆக விரித்தது. தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுசெல்கிறது. 2022இல் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. உரிமையை நிறைவேற்றும் கடமை அரசினுடையது என்பதில் ஐயமில்லை. நன்கொடை வற்றினால் நின்றுபோகும் சேவையின் தயவில் எந்தக் குழந்தையும் இருக்கக் கூடாது.

ஆனால் கடமை அரசினுடையது என்பதால், ஊரறிந்த அமைப்புகளின் அனுபவத்தை ஒதுக்கிவிட முடியாது. குறுகிய காலத் திட்ட நிதி முடிந்ததும் பணியாளர் விலகுகிறார். குழந்தையைப் பற்றி அவர் அறிந்ததும் அவரோடு போய்விடுகிறது. ஆகவே பல்லாண்டு ஒப்பந்தம், உள்ளூர்ப் பெண் பணியாளருக்கு நிலையான ஊதியம், ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பகிரும் ஒரே பதிவேடு ஆகிய மூன்றையும் அரசு உறுதிசெய்ய வேண்டும். நிறுவனங்களும் வழங்கிய கருவிகளுக்குப் பதில், ஓராண்டுக்குப் பின் எத்தனை கருவிகள் பயன்பாட்டில் உள்ளன என்பதையே தம் ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கே உதவி பெற்றவருக்கு அவர்கள் சொல்ல வேண்டிய பதில்.